சீஸைக் கனவு காணும் எலி: க்யோய்ச்சி, இமகாசே காதல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020-ல் வந்த ‘க்யூசோ வா சீசு நோ யுமே ஓ மிரு’ என்ற ஜப்பானியப் படத்தை யாருக்காவது பரிந்துரைத்தால், பார்த்து முடித்த கையோடு கேள்விகள் வந்து விழும். சிலர் கோபமாகக் கேட்பார்கள், சிலர் தூக்கம் வராமல் நள்ளிரவில் கேட்பார்கள். இரண்டு ஆண்களுக்கு இடையிலான நெருக்கத்தையும் துரோகத்தையும் இவ்வளவு கிட்டே போய்ப் பார்த்த படங்கள் குறைவு என்பதால் இந்தக் கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக எனக்கு ஆசை. கதையின் முடிவைச் சொல்லும் இடத்தில் முன்கூட்டியே எச்சரித்திருக்கிறேன்.

இது என்ன படம்? யார் எடுத்தது?

இயக்கியவர் யுகிசாதா இசாவோ. 2001-ல் ‘கோ’, 2004-ல் ஜப்பானையே அழவைத்த ‘செகாய் நோ சூஷின் தே, ஐ ஓ சாகேபு’ ஆகிய படங்களை எடுத்தவர். மூலக்கதை மிசுஷிரோ செதோனா என்ற பெண் மங்கா (ஜப்பானியப் படக்கதை) எழுத்தாளருடையது. 2006-லும் 2009-லும் இரண்டு தொகுப்புகளாக வந்த மங்கா. படம் 2020 ஜூன் 5 அன்று வெளியாவதாக இருந்து, கொரோனாவால் செப்டம்பர் 11-க்குத் தள்ளிப்போனது. நீளம் 130 நிமிடம்.

தலைப்பைப் பலர் கேட்கிறார்கள். மூலையில் சிக்கிய எலி பூனையையே கடித்துவிடும் என்பது ஜப்பானியப் பழமொழி. நாம் ‘சாது மிரண்டால் காடு கொள்ளாது’ என்போமே, அந்த ரகம். படத்தின் எலி கடிப்பதில்லை, மூலையில் இருந்தபடியே சீஸைக் கனவு காண்கிறது.

கதையைக் கொஞ்சம் சொல்லுங்கள், முடிவைச் சொல்லாமல்.

ஓதோமோ க்யோய்ச்சி விளம்பர நிறுவனத்தில் வேலை பார்ப்பவன். கல்யாணமானவன். பார்க்க நன்றாக இருப்பான், யாரிடமும் கடுமையாகப் பேசமாட்டான், யார் கை நீட்டினாலும் தட்டமாட்டான். அதனாலேயே மனைவிக்குத் தெரியாமல் இன்னொரு பெண்ணோடு உறவு. மனைவிக்குச் சந்தேகம் வந்து ஒரு துப்பறியும் நிறுவனத்தை ஏற்பாடு செய்கிறாள். அங்கிருந்து வருபவன் இமகாசே வதாரு. கல்லூரியில் க்யோய்ச்சியின் ஜூனியர். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து 7 வருடம் ஆகிறது. கல்லூரிக் காலத்திலிருந்தே க்யோய்ச்சியை மனசுக்குள் வைத்திருப்பவன்.

ஆதாரம் அவன் கையில் இருக்கிறது. மனைவியிடம் கொடுக்காமல் இருக்க அவன் கேட்கும் விலை க்யோய்ச்சியின் உடல்.

அங்கிருந்து இரண்டு மணி நேரம். மனைவி போகிறாள், பழைய காதலி வருகிறாள், அலுவலகத்துப் பெண் ஒருத்தி வருகிறாள். இமகாசே க்யோய்ச்சியின் ஃப்ளாட்டுக்கே குடிவந்துவிடுகிறான். ஒரு பெரிய சம்பவமும் இல்லாமல், இரண்டு பேர் ஒரே அறையில் எப்படி ஒருவருக்கு ஒருவர் பழக்கமாகிப் போகிறார்கள் என்பதைத்தான் படம் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

ஆரம்பமே மிரட்டல்தானே? இதை எப்படிக் காதல் கதை என்கிறீர்கள்?

மிரட்டல்தான். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஒருவனின் ரகசியத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவன் உடலைக் கேட்பது எந்த ஊரிலும் தப்பு. இமகாசே பல வருடம் உருகினான் என்பதெல்லாம் அதற்குச் சமாதானம் ஆகாது. ‘எவ்வளவு ஆழமான காதல் பாருங்கள்’ என்று இந்தக் காட்சியை மட்டும் வெட்டிப் பகிர்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஆனால் படம் அதைக் காதலின் முதல் படி என்று அலங்கரிக்கவில்லை. அந்தத் தொடக்கத்தின் கசப்பு கடைசிவரை கூடவே வருகிறது. ‘இவன் என்னிடம் இருப்பது பிடித்துப்போயா, வேறு வழியில்லாமலா?’ என்ற கேள்வியிலிருந்து இமகாசேயால் ஒரு நாளும் தப்பிக்க முடியவில்லை. க்யோய்ச்சி ஆசையோடு அவன் தலையைத் தடவினால்கூட அவனுக்கு நம்பிக்கை வருவதில்லை. மிரட்டி வாங்கியது எதையும் கொடுத்ததாக நம்ப முடியாது என்பதை அவன் முகம்தான் காட்டுகிறது. வசனமாக யாரும் சொல்வதில்லை. அந்த நேர்மையால்தான் இதைக் காதல் கதை என்று சொல்ல எனக்கு வாய் வருகிறது.

துப்பறிவாளர் வைத்துக் கணவனைப் பின்தொடர்வதெல்லாம் ஜப்பானில் நிஜமாகவே நடக்கிறதா, சினிமாவுக்காகவா?

நிஜம்தான். அங்கே இது முறைப்படுத்தப்பட்ட தொழில். 2006-ல் சட்டம் இயற்றி, 2007 ஜூனிலிருந்து துப்பறியும் நிறுவனங்கள் அந்தந்த மாகாணப் பொதுப் பாதுகாப்பு ஆணையத்திடம் முறைப்படி அறிவிக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். கணவன் மனைவி விவகாரங்களைத் தோண்டுவது அவர்களின் முக்கியமான பிழைப்பு. ‘உவாகி சோஸா’ என்பார்கள், கள்ள உறவு விசாரணை.

இதில் எது ஆதாரம் என்று தெரிந்துகொண்டால் படம் இன்னும் கூர்மையாகப் புரியும். விவாகரத்து வழக்கிலும் நஷ்டஈட்டு வழக்கிலும் நீதிமன்றத்துக்குத் தேவைப்படுவது உடலுறவு நடந்தது என்று ஊகிக்க வைக்கும் சாட்சி. அதனால் ஒரு ஆணும் பெண்ணும் லவ் ஹோட்டலுக்குள் (ஜோடிகள் சில மணி நேரத்துக்கு அறை எடுக்கும் விடுதி) போகும் படம், வெளியே வரும் படம், இரண்டிலும் நேரம், முகம் இவை தெளிவாகப் பதிந்திருக்க வேண்டும். அது கிடைத்துவிட்டால் உள்ளே என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை.

இப்போது இமகாசேயை நினைத்துப் பாருங்கள். நாள் முழுக்க இப்படிப்பட்ட படங்களை எடுத்து வாழ்பவன். ஒரு கதவுக்குள் இரண்டு பேர் போவதை உலகம் எப்படி வாசிக்கும் என்பது அவனுக்கு அத்துப்படி. அவனும் க்யோய்ச்சியும் ஒரே ஃப்ளாட்டுக்குள் போனால்? கல்லூரி சீனியரும் ஜூனியரும், விவாகரத்தானவனுக்குத் துணையாகத் தங்கியிருக்கிற தம்பி மாதிரி ஒருவன். அவ்வளவுதான். மறைக்க வேண்டிய தேவையே இல்லை, ஏனென்றால் யாருக்கும் அது கண்ணில் படப்போவதில்லை. தன் காதலை யாரும் சாட்சியாகக்கூட எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று தெரிந்த ஒரு சாட்சி சேகரிப்பவன்! இந்தப் பாத்திரத்துக்கு இந்த வேலையைக் கொடுத்ததற்காகவே மிசுஷிரோவை நான் கொண்டாடுவேன்.

அப்படியானால் ஜப்பான் சட்டப்படி, கல்யாணமான ஒருவன் இன்னொரு ஆணோடு உறவு வைத்தால் அது துரோகக் கணக்கில் வருமா?

இது நல்ல கேள்வி. பதில் கொஞ்சம் நீளம்.

போருக்கு முன்னால் ஜப்பானில் கள்ள உறவு குற்றமாகவே இருந்தது. ஆனால் மாட்டிக்கொள்வது மனைவியும் அவளோடு சேர்ந்தவனும் மட்டும். கணவன் வெளியே போனால் குற்றமில்லை. 1947-ல் அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். இப்போது அது குடும்பச் சட்டத்தில் மட்டும் இருக்கிறது. சிவில் சட்டத்தின் 770-வது பிரிவு, துணைக்கு உண்மையாக இல்லாத செயலை விவாகரத்துக் காரணமாகச் சொல்கிறது. ஏமாற்றப்பட்டவர் துணையிடமும் மூன்றாம் ஆளிடமும் மனவேதனைக்குப் பணம் கேட்கலாம்.

அந்தச் செயல் என்பது எதிர்பாலினத்தோடு மட்டும்தான் என்று ரொம்ப காலம் வழக்கறிஞர்களும் நீதிமன்றங்களும் எடுத்துக்கொண்டார்கள். 1972-ல் நகோயா மாவட்ட நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பு சொன்னது. கணவனுக்கு இன்னொரு ஆணோடு உறவு. மனைவிக்கு விவாகரத்து கிடைத்தது. ஆனால் கிடைத்தது ‘துரோகம்’ என்ற காரணத்தில் இல்லை, ‘திருமணத்தைத் தொடர முடியாத கடுமையான வேறு காரணம்’ என்ற பொதுப் பிரிவில்.

2021 பிப்ரவரியில்தான் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் நேராகச் சொன்னது. தன் மனைவியோடு உறவு வைத்த பெண்மீது ஒரு கணவன் போட்ட வழக்கு அது. ஒரே பாலினத்தவருக்கு இடையிலான உறவும் திருமண வாழ்க்கையின் அமைதியைக் குலைக்கும், ஆகவே அதுவும் துரோகம்தான் என்று தீர்ப்பு. 1,10,000 யென் கொடுக்கச் சொன்னார்கள்.

அதற்கடுத்த மாதமே உச்ச நீதிமன்றத்தில் இன்னொன்று முடிவுக்கு வந்தது. சேர்ந்து வாழ்ந்த இரண்டு பெண்களில் ஒருத்தி ஏமாற்றிவிட்டாள் என்று மற்றவள் தொடுத்த வழக்கு. கல்யாணம் மாதிரியே வாழ்ந்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பும் உண்டு என்று கீழ் நீதிமன்றங்கள் கொடுத்த 11 லட்சம் யென் நஷ்டஈடு அப்படியே நிலைத்தது.

படம் எடுத்தபோதும் மங்கா எழுதியபோதும் இந்தத் தீர்ப்புகள் கிடையாது. மனைவி இருக்கும்போதே இமகாசேயோடு க்யோய்ச்சிக்கு நடந்ததைச் சட்டம் என்னவென்று அழைக்கும் என்பதே அப்போது தெளிவாக இல்லை.

க்யோய்ச்சி ‘கே’யா, பைசெக்ஷுவலா, இல்லை சும்மா தனிமையில் தடுமாறுகிறவனா?

பெயர் வைக்க வேண்டும் என்றால் பைசெக்ஷுவல், அதாவது இருபாலீர்ப்பு என்பது பொருந்தும். அவன் அப்படித் தன்னைச் சொல்லிக்கொள்வதில்லை, படமும் சொல்வதில்லை. ஒரு காட்சியில் தன்பாலீர்ப்பு ஆண்கள் கூடும் மதுக்கூடத்துக்குத் தனியாகப் போகிறான். சுற்றிலும் ஆடுகிறார்கள், சிரிக்கிறார்கள். அங்கே யாரும் அவனை விரட்டவில்லை. ஆனாலும் அது தன் இடம் என்று அவனுக்குத் தோன்றுவதில்லை. ஆண்கள்மேல் பொதுவாக ஆசை வரவில்லை. இந்த ஒருவன்மேல் வந்துவிட்டது. பழைய வாழ்க்கைக்கும் திரும்ப முடியவில்லை, புதிய கூட்டத்திலும் சேர முடியவில்லை என்று நிற்கும் அந்த ஆளைப் பார்த்து நான் ரொம்ப நேரம் யோசித்திருக்கிறேன். ‘அவன் ஒத்துக்கொள்ளத் தைரியமில்லாத கே’ என்று ஒரே வரியில் முடிக்கிறவர்கள் இந்தக் காட்சியை மறுபடி பார்க்க வேண்டும்.

இந்தப் படத்தில் உண்மையான துரோகம் எது?

கல்யாணமானவன் வேறு பெண்ணோடு போனது, பிறகு ஆணோடு போனது, ஆணோடு இருந்துகொண்டே பழைய காதலியைப் பார்த்தது. பட்டியல் போட்டால் நீளும். ஆனால் இவற்றையெல்லாம் செய்ய வைக்கும் ஒரு குணம் இருக்கிறது. அதுதான் படத்தின் மையம் என்று நினைக்கிறேன். க்யோய்ச்சி நல்லவன். யாரையும் நோகடிக்கமாட்டான். தன்னை விரும்புகிறவர்களை அவன் விரும்பித் தொலைக்கிறான். யார் இழுத்தாலும் அந்தப் பக்கம் போவான்.

இப்படி ஒருவன் வீட்டில் இருந்தால் தெரியும். சண்டை போடமாட்டான், குடித்துவிட்டு வந்து கத்தமாட்டான், கேட்டதை வாங்கித் தருவான். வெளியாட்கள் ‘தங்கமான மனுஷன்’ என்பார்கள். கூட வாழ்கிறவளுக்கு மட்டும் தெரியும், இவன் தன்னைத் தேர்ந்தெடுத்ததே இல்லை என்று. நீ போனால் உன் இடத்தில் வேறு ஒருத்தி வந்து உட்காரலாம், அவளிடமும் இதே அன்போடு இருப்பான். கையில் ஆதாரம் எதுவும் வராமலேயே அவன் மனைவி விவாகரத்து கேட்கிறாள். கேட்டதும் க்யோய்ச்சி திகைத்துப் போகிறான். பார்க்கிற நமக்குத் திகைப்பு வருவதில்லை.

இமகாசே இதை முதல் நாளிலிருந்தே அறிந்தவன். அவன் துப்பறிந்தது ஹோட்டல் வாசலில் இல்லை, இங்கேதான். க்யோய்ச்சியின் எந்தக் குறையும் அவனுக்குப் புதிதில்லை. எல்லாம் தெரிந்தும் இருக்கிறான். ஒருவரை முழுசாகத் தெரிந்துகொண்டு அப்புறமும் பக்கத்தில் இருப்பது என்ற நெருக்கத்தை க்யோய்ச்சிக்கு அதுவரை யாரும் காட்டியதில்லை. அதனால்தான் அவன் மெதுவாக அசைகிறான்.

அப்படியென்றால் இமகாசே துரோகம் செய்யவில்லையா?

செய்கிறான். க்யோய்ச்சியின் போனை எடுத்துப் பார்க்கிறான். யாரோடு பேசினான், எப்போது வருவான் என்று கணக்கு வைக்கிறான். சந்தேகப்படுவதே வேலையாக இருந்தவனுக்கு வீட்டுக்கு வந்தபிறகு அதைக் கழற்றி வைக்கத் தெரியவில்லை. பாதுகாப்பில்லாத காதல் இப்படித்தான் இருக்கும் என்று இரக்கப்படலாம். ஆனால் கூட வாழ்கிறவனின் போனைத் திருட்டுத்தனமாகத் திறப்பதும் நம்பிக்கையை உடைப்பதுதான், அன்பு அதிகமாக இருப்பதால் அதற்குத் தள்ளுபடி கிடையாது.

உணவகக் காட்சியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்களே, என்ன அதில்?

க்யோய்ச்சியின் கல்லூரிக் காலக் காதலி நட்சுகி, இமகாசே, க்யோய்ச்சி மூவரும் ஒரே மேசையில். நட்சுகி கெட்டிக்காரி. இமகாசேக்கு க்யோய்ச்சிமேல் என்ன இருக்கிறது என்று புரிந்துகொண்டவள். பூசி மெழுகாமல், இப்போதே, இங்கேயே தேர்ந்தெடு என்கிறாள். சுற்றிலும் மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். யாரும் குரல் உயர்த்துவதில்லை.

க்யோய்ச்சி இமகாசேயைப் பார்த்து, உன்னைத் தேர்ந்தெடுக்க முடியாது என்ற பொருளில் சொல்கிறான். சாதாரண ஆணுக்கு அது முடியாத காரியம் என்கிறான். படத்திலேயே கொடூரமான சொல் எனக்கு இந்த ‘சாதாரண’தான். அதைச் சொல்லும்போதும் அவன் குரலில் கடுமை இல்லை. எப்போதும்போல மென்மையாகத்தான் சொல்கிறான், அதுதான் தாங்கமுடியாதது. இமகாசேயாக நடிக்கும் நரிதா ரியோ அந்த இடத்தில் அழுதிருந்தால் நமக்குச் சுலபமாக இருந்திருக்கும். இப்படித்தான் வரும் என்று எப்போதோ தயாராக இருந்தவனைப் போல வாங்கிக்கொள்கிறார். பல தன்பாலீர்ப்பு ஆண்கள் தங்கள் வாழ்க்கையில் ஏதோ ஒரு மேசையில் இந்த வார்த்தையைக் கேட்டிருப்பார்கள்.

நட்சுகி ஜெயித்த மாதிரி இருக்கிறது. அன்று இரவு அவளோடு போன க்யோய்ச்சியின் உடல் ஒத்துழைக்கவில்லை. வாய் ஒன்று சொல்லிவிட்டது, உடம்பு வேறொன்று சொல்கிறது.

படுக்கையறைக் காட்சிகள் இவ்வளவு தேவையா?

எனக்குத் தேவையாகவே பட்டது. இவர்கள் பகலில் உண்மை பேசுவதில்லை, அதனால். முதல் தடவை க்யோய்ச்சி கண்ணை மூடிக்கொண்டு எதையோ சகித்துக்கொள்வது போல இருக்கிறான். பிறகு ஆர்வம் வருகிறது, பிறகு பழக்கம் வருகிறது. ஒரு கட்டத்தில் இருவரின் இடமும் மாறுகிறது. கேட்கிறவனாகவே இருந்த இமகாசே கேட்கப்படுகிறவன் ஆகிறான். அந்த மாற்றத்தை வசனத்தில் சொல்லியிருந்தால் போலியாக இருந்திருக்கும்.

கிளர்ச்சிக்காக எடுத்த மாதிரியும் இல்லை. வெளிச்சம் சாதாரணம், அறை சாதாரணம், முதுகு, தோள், மூச்சு. முடிந்தபிறகு சிகரெட். படத்தில் படுக்கைக்குச் சமமான முக்கியத்துவம் ஒரு உயரமான ஸ்டூலுக்கும் உண்டு. இமகாசே அதில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, க்யோய்ச்சி வீட்டில் நடமாடுவதைப் பார்த்துக்கொண்டே புகைப்பான். வேறொருவன் வீட்டில் தனக்கென்று அவன் பிடித்து வைத்த இடம் அவ்வளவுதான், ஒரு ஸ்டூல். எந்த முத்தக் காட்சியைவிடவும் அது எனக்கு நெருக்கமாகத் தெரிந்தது.

வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து பார்க்கலாமா?

வேண்டாம். ஜப்பானிலேயே ‘ஆர் 15 பிளஸ்’ சான்றிதழ், அதாவது 15 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. நிர்வாணம் வெளிப்படையாக இருக்கிறது. தனியாகவோ துணையோடோ பாருங்கள்.

படத்தில் வரும் பெண்களை வெறும் தடைக்கல்லாகக் காட்டிவிட்டார்களா?

பாதி ஆமாம். நட்சுகிக்கு மூளையும் நாக்கும் கொடுத்திருக்கிறார்கள், மனைவிக்குத் தன் முடிவைத் தானே எடுக்கும் உரிமை கொடுத்திருக்கிறார்கள். எனக்குக் குறை தமாகி விஷயத்தில்தான். அலுவலகத்தில் க்யோய்ச்சிக்குக் கீழே வேலை பார்க்கும் இளம் பெண். அவள் அப்பாவின் மரணத்தை ஒட்டி இருவருக்கும் நெருக்கம் கூடுகிறது, கல்யாணம் வரை பேச்சு போகிறது. அவள் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. இரண்டு ஆண்களின் காதல் எவ்வளவு பெரியது என்று நமக்குக் காட்ட அவள் நொறுங்க வேண்டியிருக்கிறது.

இணையத்தில் சில ரசிகர்கள் தமாகியைத் திட்டி எழுதுவதைப் பார்க்கிறேன். அது அநியாயம். தன்பாலீர்ப்புக் காதலுக்கு ஆதரவாக நிற்பது என்றால் நடுவில் நிற்கும் பெண்ணை வில்லியாக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தன்னை மறைத்து வாழும் ஆணைக் கல்யாணம் செய்து, காரணமே தெரியாமல் ‘எனக்குத்தான் ஏதோ குறை’ என்று வருடக்கணக்கில் குமைந்த பெண்கள் எத்தனையோ பேர். இந்தப் படம் அவர்களுக்கும் ஒரு காட்சி கூடுதலாகக் கொடுத்திருக்கலாம்.

இது பிஎல் (‘பாய்ஸ் லவ்’, ஆண்களுக்கு இடையிலான காதல் கதைகள்) வகையா?

வேர் அங்கேதான். 1970-களில் பெண் மங்காக்காரர்கள் சிறுமிகளுக்கான இதழ்களில் பையன்களுக்கு இடையிலான காதலை எழுதத் தொடங்கினார்கள். 1978-ல் அதற்கென்றே ‘ஜூன்’ என்ற இதழ் வந்தது. பிஎல் என்ற பெயர் 1990-களில் நிலைத்தது. எழுதுபவர்களும் வாசிப்பவர்களும் பெரும்பாலும் பெண்கள். மிசுஷிரோவின் கதை வயதுவந்த பெண்களுக்கான இதழில் வந்தது.

இதற்கு எதிர்ப்பும் பழையதுதான். 1992-ல் சாதோ மசாகி என்ற தன்பாலீர்ப்புச் செயல்பாட்டாளர், ‘சோய்சிர்’ என்ற பெண்ணியச் சிற்றிதழில் கடுமையாக எழுதினார். நிஜ கே ஆண்களின் வாழ்க்கை உங்களுக்குத் தேவையில்லை, அழகான உருவங்கள் மட்டும் போதும் என்கிறீர்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். அதிலிருந்து கிளம்பிய விவாதம் பல வருடம் நீண்டது. அந்தக் குற்றச்சாட்டு இந்தப் படத்துக்கும் கொஞ்சம் ஒட்டும்: இருவரும் அழகர்கள், வேலையில் பிரச்சினை இல்லை, குடும்பம் கண்ணில் படுவதே இல்லை. ஆனால் ‘சாதாரண ஆண்’ என்ற அந்த ஒரு சொல்லை அந்த இடத்தில் வைக்கத் தெரிந்த படத்தை வெறும் கற்பனை விளையாட்டு என்று என்னால் தள்ள முடியவில்லை.

இதே காலத்தில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ‘ஒஸ்ஸான்ஸ் லவ்’ (2018), ‘கினோ நானி தாபேதா?’ (2019) போன்ற தொடர்கள் பெரிய வரவேற்பைப் பெற்றன. அவை சிரிப்பும் சமையலும் கலந்த இதமான கதைகள். அவற்றைப் பார்த்துவிட்டு அதே மனநிலையில் இங்கே வந்தால் அடி பலமாக விழும்.

இருவரும் கல்யாணம் செய்துகொண்டிருக்கலாமே?

ஜப்பானில் முடியாது. ஆண்களுக்கு இடையிலான உடலுறவு அங்கே குற்றமாக இருந்தது 1870-களில் தொடங்கிச் சில வருடங்கள் மட்டும். 1882-ல் புதிய தண்டனைச் சட்டம் அமலுக்கு வந்தபோது அது போய்விட்டது. சிறைக்கு அனுப்பாது, ஆனால் குடும்பமாக ஏற்கவும் ஏற்காது. 2015-ல் டோக்கியோவின் ஷிபுயா, செதகாயா வட்டாரங்கள் இணையர் சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்தன. 2022 நவம்பரில் டோக்கியோ மாநகரம் முழுவதற்கும் வந்தது. மருத்துவமனையில், அரசு வீட்டு வசதியில் அது உதவும். திருமணத்துக்குச் சமம் ஆகாது. 2021 மார்ச்சில் சப்போரோ மாவட்ட நீதிமன்றமும் 2024 மார்ச்சில் சப்போரோ உயர் நீதிமன்றமும் ஒரே பாலினத் திருமணத்தை மறுப்பது அரசியலமைப்புக்கு விரோதம் என்றன.

முடிவு என்ன? எனக்குப் புரியவில்லை. (பார்க்காதவர்கள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுங்கள்.)

கடலுக்குப் போய்விட்டு வந்து இருவரும் பிரிகிறார்கள். க்யோய்ச்சி தமாகியோடு நிச்சயமாகிறான். இமகாசே மறுபடி வந்து நிற்கிறான். இந்தத் தடவை க்யோய்ச்சி தமாகியிடம் தன் வாயால் சொல்லிப் பிரிகிறான். இமகாசே அங்கே இல்லை, போய்விட்டான். க்யோய்ச்சி அந்த ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருக்கிறான்.

‘வருவானா மாட்டானா’ என்று கேட்கிறார்கள். இன்னொரு விஷயத்தைப் பாருங்கள். அதுவரை அவன் யாருக்காகவும் காத்திருந்ததே இல்லை. எல்லோரும் அவனுக்காகக் காத்திருந்தார்கள், அவன் வந்தவர்களோடு போனான். யாரும் இழுக்காதபோது, கூப்பிடாதபோது, தானாக ஒருவனைத் தேர்ந்தெடுத்தது இப்போதுதான். அதற்கு அவன் கொடுத்த விலையில் பாதியைத் தமாகி கட்டினாள் என்பதை மறக்காமல் இருந்தால், அந்த முடிவை மகிழ்ச்சி என்று சொல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஓகுரா ததாயோஷி ஒரு பாப் பாடகராமே?

ஆமாம். க்யோய்ச்சியாக நடித்த அவர் அப்போது ‘கஞ்சானி எய்ட்’ என்று இருந்த (2024-லிருந்து ‘சூப்பர் எய்ட்’) குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர், லட்சக்கணக்கான ரசிகைகள் உள்ள ஐடல், அதாவது பாப் நட்சத்திரம். அப்படிப்பட்டவர் இந்த அளவுக்குத் திறந்த ஒரு படத்தில் நடித்தது அங்கே பெரிய பேச்சு. எல்லோராலும் விரும்பப்பட்டுப் பழகிய முகம் அவருடையது, க்யோய்ச்சிக்கு அது கச்சிதம். இமகாசேயாக வரும் நரிதா ரியோ மாடலாக இருந்து நடிக்க வந்தவர். அவர் க்யோய்ச்சியின் முதுகைப் பார்க்கும் பார்வைக்காகவே இரண்டாம் தடவை பார்க்கலாம்.

மங்காவை முதலில் படிக்கவா, படத்தை முதலில் பார்க்கவா?

படம் முதலில். மங்காவில் க்யோய்ச்சி தனக்குள் பேசிக்கொண்டே இருப்பான். ஒவ்வொரு தயக்கத்துக்கும் காரணம் எழுத்தில் இருக்கும், நகைச்சுவையும் அதிகம். அதைப் படித்துவிட்டுப் போனால் படத்தின் மௌனங்களில் நீங்களே வசனம் நிரப்ப ஆரம்பித்துவிடுவீர்கள். முடிவிலும் வித்தியாசம் உண்டு. படம் காத்திருப்பதோடு நிறுத்திக்கொள்கிறது. மங்கா அதைத் தாண்டிப் போய், இருவரும் ஒரே வீட்டில் இருந்தபடி ‘இது என்றைக்காவது முடிந்துபோகலாம்’ என்று தெரிந்தே வாழத் தொடங்குவதுவரை காட்டுகிறது. படம் பார்த்துத் தூக்கம் வராதவர்கள் இரண்டாவது தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.